சைக்கிளைத் திருப்பிக் கொடு!

சென்ற மாதம் நம் சங்கத்தில் நடந்த சொற்போருக்கு வந்திருந்த நண்பர்கள் அதன் தலைப்பை மறந்திருக்கமாட்டார்கள். "ஒரு நாடு செய்த பழி அந்நாட்டில் பிறந்த ஒவ்வொருவரையும் சாரும்" என்பது தலைப்பு. ஒட்டி நால்வரும் வெட்டி நால்வருமாக எட்டுப் பேர் பேசினார்கள். முடிவில் கை தூக்கச் சொன்னபோது தலைப்பு தோற்றது. தோற்கடித்த கைகளில் என் கையும் ஒன்று.

வெட்டிப் பேசிய நண்பர் ஒருவர் ஹாலந்து நாட்டு இளவரசர் கிளவுஸின் கதையைக் கடைசி அம்பாக எய்தார். ஜெர்மானியர் என்பதற்காக எந்த மக்கள் அவரை விரட்டினார்களோ, அதே மக்கள் பிறகு அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்றார். "காலம் எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடும்" என்று சொல்லி அமர்ந்தார். மண்டபம் அதிரக் கைதட்டினோம்.

அன்றிரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, என் அறைத் தோழன் இருட்டில் கேட்டான்: "ஏம்ப்பா, புண்ணு ஆறிடுச்சுன்னு சொன்னீங்களே, அடிபட்டவனைக் கேட்டீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த இரண்டு வாரம் பாடப் புத்தகங்களுக்குச் சற்று விடுமுறை கொடுத்துவிட்டு, இந்தக் கிளவுஸ் யார் என்று தேடிப் படித்தேன். படித்ததன் விளைவே இக்கட்டுரை. நான் வாக்களித்த பக்கம் முற்றும் தவறு என்று சொல்ல வரவில்லை. ஆனால், "காலம் ஆற்றிவிடும்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தட்டிய கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

கிளவுஸ் ஃபான் ஆம்ஸ்பெர்க் 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் வட ஜெர்மனியில், எல்பே நதிக்கரையில் உள்ள ஹிட்சாக்கர் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். பிரபு குடும்பம்தான், ஆனால் பெரும் பட்டங்கள் இல்லாத சிறு பிரபு குடும்பம். ஏழு குழந்தைகளில் இவர் ஒருவரே ஆண். ஆறு சகோதரிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. தந்தைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், தோட்ட நிர்வாகம் கிடைத்தது. ஆகவே கிளவுஸின் இளமை ஆப்பிரிக்க மண்ணில் கழிந்தது. 1938-இல் படிப்புக்காக ஜெர்மனி திரும்பினார். திரும்பிய ஆண்டைக் கவனியுங்கள். அன்றைய ஜெர்மனியில் பத்து வயதைத் தாண்டிய பையன்கள் எந்தச் சட்டை அணிந்தார்களோ அதையே இவரும் அணிந்தார். ஹிட்லர் இளைஞர் படையில் இவர் பெயரும் இருந்தது. போர் முடியும் தறுவாயில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டு இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். போர்க்களத்தைப் பார்க்குமுன்பே அமெரிக்கரிடம் சிறைப்பட்டார். அப்போது வயது பதினெட்டு.

அதன் பிறகு ஹாம்பர்க் நகரில் சட்டம் படித்தார். மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுத் தூதரகப் பணியில் சேர்ந்தார். டொமினிகன் குடியரசிலும், ஐவரி கோஸ்டிலும் பணியாற்றினார். இதுவரையில் இது ஒரு சாதாரண உத்தியோகஸ்தரின் கதை. நம்மில் சிலர் கனவு காணும் கதையும்கூட!

1965-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வந்தது. ஹாலந்தின் பட்டத்து இளவரசி பியாட்ரிக்ஸ், தம் மாளிகைத் தோட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதரோடு கைகோத்து நடக்கிறார். மனிதர் யார் என்று கண்டுபிடிக்கப் பத்திரிகைக்காரர்களுக்கு வெகு நாள் பிடிக்கவில்லை. ஜூன் 28-ஆம் நாள் நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது. நாடு கொதித்தது.

ஏன் கொதித்தது என்பதைச் சொல்லாமல் கதையின் முடிவை மட்டும் சொன்னதுதான் நம் நண்பர் செய்த பிழை என்பேன். 1940 மே 10-ஆம் நாள் ஜெர்மன் படை ஹாலந்துக்குள் புகுந்தது. நான்கே நாளில் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் சாம்பலாயிற்று. பியாட்ரிக்ஸ் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. தாயோடு கடல் கடந்து கனடாவில் அடைக்கலம் புக நேர்ந்தது. ஐந்து ஆண்டுகள் அன்னியப் படை ஆண்டது. அந்நாட்டில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலைக்களங்களுக்கு அனுப்பப்பட்டு மாண்டனர். மேற்கு ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பெரிய விகிதத்தில் யூதர் அழியவில்லை. 1944-45 குளிர்காலத்தில் உணவு வரும் வழிகள் அடைபட்டு நகரங்களில் பல்லாயிரம் பேர் பட்டினியால் மடிந்தனர். மக்கள் டுலிப் மலரின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள்.

இவற்றோடு ஒரு சின்ன விஷயமும் உண்டு. ஜெர்மன் படையினர் மக்களின் சைக்கிள்களைப் பறித்துக்கொண்டார்கள். ஹாலந்தில் சைக்கிள் என்பது நம் ஊரில் செருப்பைப் போல; அது இல்லாமல் ஒருவரும் வெளியே கிளம்ப முடியாது. போர் முடிந்து பல ஆண்டு சென்ற பிறகும், ஒரு ஜெர்மானியரைக் கண்டால் "என் சைக்கிளைத் திருப்பிக் கொடு" என்று கேட்பது டச்சுக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. கேலிதான். ஆனால் அந்தக் கேலியின் அடியில் என்ன கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள். இறந்துபோன அண்ணனைத் திருப்பிக் கொடு என்று தெருவில் நின்று கேட்க எவருக்கும் நா எழாது. சைக்கிளைக் கேட்கலாம்.

1966 மார்ச் 10-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் திருமணம் நடந்தது. ஏன் ஆம்ஸ்டர்டாம்? வேறு ஊரில் வைத்திருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கியிருக்கும். யூதர்களை வேட்டையாடியதைக் கண்டித்து 1941 பிப்ரவரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த நகரம் அது. இழந்த யூதர்களில் பெரும்பாலோர் வாழ்ந்த நகரமும் அதுவே. திருமண வழிபாடு நடந்த வெஸ்டர்கெர்க் என்னும் மாதா கோயிலுக்குச் சில அடி தூரத்தில்தான் ஆன் ஃபிராங்க் என்ற சிறுமி குடும்பத்தோடு இரண்டு ஆண்டு ஒளிந்து வாழ்ந்த வீடு இருக்கிறது. அந்தக் கோயில் மணியோசையைப் பற்றி அவள் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். அந்த மணி இப்போது ஒரு ஜெர்மானிய மாப்பிள்ளைக்காக ஒலித்தது. யூத மத குருமார் அழைப்பை ஏற்கவில்லை. நகர சபை உறுப்பினர்கள் பலரும் வரவில்லை.

தங்கமுலாம் பூசிய சாரட்டில் மணமக்கள் சென்றபோது புகைக்குண்டுகள் வெடித்தன. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெண்புகைதான் தெரிந்தது. "கிளவுஸே, வெளியே போ!" என்ற முழக்கம் எழுந்தது. அதை அவர்கள் ஜெர்மன் மொழியிலேயே முழங்கினார்கள். யூதர்களை வீட்டிலிருந்து இழுத்தபோது கேட்ட அதே சொல்லைத் திருப்பி எறிந்தார்கள். புகைக்குண்டு எறிந்தவர்களில் பெரும்பாலோர் நம் வயதினர். போரை நேரில் கண்டவர்கள் அல்லர். 'புரோவோ' என்ற குறும்பு இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலருக்கு முடியாட்சியைக் கிண்டல் செய்வதே முதல் நோக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் அமர்ந்து சன்னலைச் சாத்திக்கொண்டவர்களும் ஏராளம். அவர்கள் குறும்புக்காரர்கள் அல்லர்.

இந்த எதிர்ப்பு நியாயமா? பதினெட்டு வயதில் ஒரு குண்டும் சுடாமல் சிறைப்பட்ட பையனிடம் போய் ஒரு லட்சம் உயிருக்குக் கணக்குக் கேட்பது முறையா?

இங்கேதான் என் கருத்து சொற்போரின் இரு அணிகளிடமிருந்தும் பிரிகிறது. பழி வேறு, பதில் வேறு. ஹிட்லர் செய்த பழி கிளவுஸைச் சாராது. அவர் செய்யாததை அவர் தலையில் ஏற்றுவது அநீதி. ஆனால் அடிபட்ட வீட்டுக்குள் ஒருவர் மருமகனாக நுழையும்போது, "நீ யார், அப்போது எங்கே இருந்தாய்?" என்று கேட்கும் உரிமை அந்த வீட்டாருக்கு உண்டு. பதில் சொல்லும் கடமை வருகிறவருக்கு உண்டு. கேட்பவரை நோக்கி, "இன்னுமா பழையதைப் பேசுகிறீர்கள்?" என்று சலித்துக்கொள்ளும் உரிமை மட்டும் அவருக்குக் கிடையாது. நம் நண்பரின் "காலம் ஆற்றிவிடும்" என்பது அந்தச் சலிப்புக்குப் போட்ட பட்டுச் சட்டை என்றே எனக்குப் படுகிறது.

கிளவுஸ் சலித்துக்கொள்ளவில்லை. அவருடைய போர்க்காலக் கணக்கை லூ டி யோங் என்னும் புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் ஆராய்ந்து பார்த்தார். டி யோங் ஒரு யூதர். அவருடைய பெற்றோரும் இரட்டைச் சகோதரரும் நாஜிக்களின் கையில் மாண்டவர்கள். அவர் பார்த்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்றார். நாடாளுமன்றக் கீழ்ச்சபையில் 132 பேர் ஆதரவாகவும் 9 பேர் எதிராகவும் வாக்களித்தபின் திருமணத்துக்கு அனுமதி கிடைத்தது. எதிர்த்தவர்களைக் குறைகூறிக் கிளவுஸ் ஒரு சொல் பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை. டச்சு மொழியை விரைவில் கற்றார். 'ஃபான் ஆம்ஸ்பெர்க்' என்ற ஜெர்மன் பெயர் 'வான் ஆம்ஸ்பெர்க்' என்று டச்சுப் பெயராயிற்று. ஓர் எழுத்து மாற்றந்தான். ஆனால் அன்னிய ஊருக்கு வந்த ஐந்தாம் ஆண்டிலும் கடைக்காரரிடம் அந்த ஊர் மொழியில் விலை கேட்கத் தெரியாமல் விரலைக் காட்டும் நம்மில் சிலருக்கு (என்னையும் சேர்த்துத்தான்) அதன் அருமை புரியும்.

1967 ஏப்ரலில் ஆண் குழந்தை பிறந்தது. 1851-க்குப் பிறகு அந்த அரச குடும்பத்தில் பிறந்த முதல் ஆண் வாரிசு. பீரங்கி முழங்கியது; ஊர் மகிழ்ந்தது. பேரப்பிள்ளை பிறந்ததும் மாமனார் வீட்டுக் கோபம் தணிவது நம் ஊர்க் கதை மட்டும் அன்று போலும்! ஆனால் குழந்தையால்தான் எல்லாம் சரியாயிற்று என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். இதே அரண்மனையில் வேறொரு ஜெர்மானிய மருமகனும் இருந்தார். அவருக்கும் குழந்தைகள் பிறந்தன. அவர் கதை வேறு விதமாக முடிந்தது.

அவர் பியாட்ரிக்ஸின் தந்தை, பெர்னார்ட். 1937-இல் இளவரசி ஜூலியானாவை மணந்தவர். போர் மூண்டதும் ஜெர்மனிக்கு எதிராக நின்றார், லண்டனிலிருந்து பணியாற்றினார், நாடு மீண்டபோது வீரராகத் திரும்பினார். ஒருவரும் அவரிடம் சைக்கிளைக் கேட்கவில்லை. 1976-இல் லாக்ஹீட் என்ற அமெரிக்க விமானக் கம்பெனி விவகாரத்தில் அவர் பெயர் அடிபட்டது. விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு இராணுவச் சீருடையைக் களைய நேர்ந்தது. அதைவிடப் பெரிய செய்தி அவர் இறந்து பத்தொன்பது ஆண்டு சென்றபின் வந்தது. தாம் நாஜிக் கட்சியில் சேர்ந்ததே இல்லை என்று 2004-இல் கண்ணை மூடும் வரை அவர் மறுத்து வந்தார். 2023-இல் அவருடைய கட்சி உறுப்பினர் அட்டை, அவருடைய சொந்தக் காகிதங்களுக்கு நடுவிலேயே இருந்தது தெரிய வந்தது.

வீரர் என்று வரவேற்கப்பட்ட மாமனார் அட்டையை ஒளித்து வைத்திருந்தார். எதிரி என்று விரட்டப்பட்ட மருமகன் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார். பெர்னார்டுக்குக் காலம் குறைவாகவா கிடைத்தது? தொண்ணூற்று மூன்று வயது வரை வாழ்ந்தாரே! அத்தனை ஆண்டுகளும் அந்த அட்டையை அழிக்கவில்லை.

சரி, மக்கள் கிளவுஸை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு என்ன? "பிறகு எல்லோரும் இன்பமாக வாழ்ந்தார்கள்" என்று நம் நண்பர் முடித்துவிட்டார். அதுவும் உண்மை அன்று.

1980-இல் பியாட்ரிக்ஸ் அரசியானார். அரசியின் கணவருக்கு அந்நாட்டு அரசியலமைப்பில் தனிப் பதவி ஏதும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு உண்டு. அரச குடும்பத்தார் பொதுவில் பேசுவதற்கு மந்திரிகள் பொறுப்பேற்க வேண்டும். ஆதலால் மந்திரிகளுக்குச் சங்கடம் தரும் எதையும் பேச முடியாது. நன்கு படித்தவர், தூதரகப் பணியில் நாடுகள் கண்டவர், கருத்துகள் நிறைந்தவர், நாற்பது வயதிலிருந்து நடந்துகொண்டிருந்தார்; மனைவிக்கு ஓரடி பின்னால். 1982-இல் மனச்சோர்வு நோய்க்காக ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மருத்துவமனையில் சேர்ந்தார். அரண்மனை அதை மறைக்கவில்லை. அரச குடும்பத்தார் ஒருவருக்கு மனநோய் என்று நாடறியச் சொல்வது அந்தக் காலத்தில் எளிதன்று. பிற்காலத்தில் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதமும் வந்தது.

நோய்க்கு ஒரே காரணம் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆயினும் ஒன்று தோன்றுகிறது. வந்த புதிதில் மக்கள் அவரைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள்: "நீ யார்?" ஏற்றுக்கொண்ட பிறகு அரசியலமைப்பு அவரைப் பேசாதிருக்கச் சொன்னது. முதலில் சொன்னதைவிட இரண்டாவதாகச் சொன்னது கொடிது.

அவருக்கு மூச்சுவிடக் கிடைத்த சன்னல் ஆப்பிரிக்கா. ஏழை நாடுகளின் வளர்ச்சிக்கு உதவும் அரசாங்கத் துறையில் ஆலோசகராக இருந்தார். 1984 முதல் அத்துறையின் தலைமை ஆய்வாளராகவும் பணியாற்றினார். மனிதரை வேறொருவர் வளர்க்க முடியாது, அவர்கள் தாமே வளர்கிறார்கள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. உதவி கொடுக்கும் நாட்டின் உத்தியோகஸ்தர் ஒருவர் இப்படிச் சொல்வது, கோயில் குருக்களே உண்டியலைப் பற்றிச் சந்தேகம் கிளப்புவது போன்றது. 1996-இல், அவருடைய எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அவர் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளின் கலைஞர்களுக்கு அது ஆண்டுதோறும் பரிசு கொடுத்து வருகிறது.

அந்தப் பரிசளிப்பு விழா ஒன்றில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1998 டிசம்பர், ஆம்ஸ்டர்டாம் அரண்மனை. அவ்வாண்டுப் பரிசு ஆப்பிரிக்க ஆடைக் கலைஞர் மூவருக்கு. மேடையேறிய கிளவுஸ் கழுத்துப் பட்டையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது கழுத்தைச் சுற்றிய பாம்பு என்றார். நாமாக விரும்பிப் பூட்டிக்கொண்ட விலங்கு என்றார். தொழிலாளரை ஒன்று சேரச் சொல்லும் பழைய பொதுவுடைமை முழக்கத்தை டை கட்டியவர்களுக்கு மாற்றிச் சொன்னார். பிறகு தம் டையைக் கழற்றித் தரையில் போட்டார். அரசியார் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் இருந்த கனவான்கள் சிரித்துக்கொண்டே தங்கள் டைகளைக் கழற்றத் தொடங்கினார்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்வு நடக்கும் மாதத்தில், விடுதியின் மூன்று தளங்களுக்கும் ஒரே ஒரு நீல டையை நாம் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு போவது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தச் சம்பவத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்தபின் வேறொன்று தெரிந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக எதைப் பேசினால் மந்திரிகளுக்குச் சங்கடம் என்று எண்ணி எண்ணி வாயடைத்திருந்த மனிதர், எவருக்கும் சங்கடம் தராத ஒரு பொருளைக் கடைசியில் கண்டுபிடித்துப் பேசியிருக்கிறார்.

2002 பிப்ரவரி 2-ஆம் நாள் அவருடைய மூத்த மகன் வில்லெம்-அலெக்சாண்டரின் திருமணம் அதே ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. மணப்பெண் மாக்சிமா, அர்ஜென்டினா நாட்டவர். அவருடைய தந்தை அங்கே கொடிய இராணுவ ஆட்சியில் விவசாயத் துறையை வகித்தவர். மறுபடியும் அதே நாடு, அதே கேள்வி: "அப்போது எங்கே இருந்தீர்கள்?" இம்முறை பெண்ணை வரவேற்றார்கள், தந்தை திருமணத்துக்கு வரவில்லை, வரலாகாது என்பது அரசாங்கத்தின் முடிவு. மகளைப் பழி சாராது. மந்திரியாக இருந்தவரைச் சாரும். முப்பத்தாறு ஆண்டுக்கு முன் புகைக்கு நடுவில் அரைகுறையாகப் பிரித்த கோட்டை இம்முறை தெளிவாகப் பிரித்துவிட்டார்கள். இதைக் காலம் கற்றுக்கொடுத்தது என்பதைவிட, கிளவுஸோடு வாழ்ந்து அந்த மக்கள் கற்றார்கள் என்பதே பொருந்தும். மெலிந்து தளர்ந்த உடலோடு கிளவுஸ் அத்திருமணத்துக்கு வந்திருந்தார். அவ்வாண்டே அக்டோபர் 6-ஆம் நாள் காலமானார். டெல்ஃப்ட் நகரில் அரச குடும்பத்தாரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, என் அறைத் தோழனிடம் படித்துக் காட்டினேன். "அப்போ உன் ஓட்டு எந்தப் பக்கம்?" என்றான். சங்கச் செயலாளரிடம் போய், சென்ற மாதச் சொற்போரில் தூக்கிய கையைப் பாதி மட்டும் இறக்கிக்கொள்ள விதி இடம் கொடுக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். வேண்டுமானால் கட்டுரையாக எழுதிக் கொடு, இதழில் நான்கு பக்கம் காலியாக இருக்கிறது என்றார்.